இந்த வேலை எனக்குப் பொருந்துமா? நெல் கொள்முதல், குழுக்கடன், குரூப் 4

கேள்வி: ஜனவரி 4

வலங்கைமான் பக்கத்துக் கிராமம். பி.எஸ்சி. வேதியியல் முடித்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சம்பா அறுவடைக்காக நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராகச் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு குழுக்கடன் நிறுவனம் களப்பணிக்கு அழைக்கிறது. சம்பளத்தோடு பெட்ரோல் படியும் உண்டு என்கிறார்கள். வீட்டிலோ இரண்டும் வேண்டாம், குரூப் 4 தேர்வுக்கு உட்கார்ந்து படி என்கிறார்கள். எனக்கு எந்த வேலையிலும் தனி விருப்பமோ வெறுப்போ இல்லை. ஒரு வேலை நமக்குப் பொருந்துமா என்பதைச் சேர்வதற்கு முன்பே அறிய வழி உண்டா, அண்ணா? சேர்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று எல்லோரும் சொல்வது எனக்குச் சமாதானமாக இல்லை.

ஜனவரி 5

எனக்கும் அதில் உடன்பாடில்லை. சேர்ந்த பிறகு நமக்குத் தெரிய வருவது பெரும்பாலும் அந்த வேலை பழகிவிட்டது என்பதுதான். பழகியதைப் பொருந்தியதாக எடுத்துக்கொண்டு ஓய்வு பெறும் வயது வரை போய்விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் இரண்டு வேலைகளையும் வெவ்வேறு காலத்தில் செய்தவன் என்பதால் எழுதுகிறேன். இப்போது மன்னார்குடி அருகே ஒரு நெல் அரவை ஆலையில் கணக்குப் பார்க்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, அந்த வேலையை அதன் மோசமான நாளில் போய்ப் பார்ப்பது. நல்ல வெயில் நாளில் பார்த்தால் கொள்முதல் நிலையம் ஒரு குறையும் இல்லாத இடமாகத்தான் தெரியும். தூற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், தராசில் சிப்பங்கள், அதாவது நெல் மூட்டைகள், ஏறி இறங்கும், சுமைப்பணித் தொழிலாளர்கள் அவற்றை அட்டியாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள், எழுத்தர் மேசையில் அமர்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருப்பார். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். களம் முழுக்க நெல் அம்பாரமாகக் கிடக்கும். படுதாவைத் தூக்கினால் உள்ளேயிருந்து வெக்கை அடிக்கும். அடிநெல்லில் முளை கட்டத் தொடங்கியிருக்கும். லாரி வராததால் ஏற்கெனவே எடுத்த மூட்டைகள் அட்டியிலேயே நிற்க, புதிதாக எடுக்க இடமிருக்காது. ஒரு வாரமாகக் காத்திருப்பவரும் நேற்று வந்தவரும் ஒரே நேரத்தில் மேசையைச் சூழ்ந்துகொண்டு நிற்பார்கள். அந்த மேசைக்குப் பின்னால் உங்களை உட்கார வைத்து யோசியுங்கள்.

ஜனவரி 5, இரவு

காலையில் எண்களைச் சொல்லாமல் விட்டேன். இந்த வேலையே எண்களால் ஆனது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கெட்டது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்ந்து 5 சதவீதம் வரை, முதிராத சுருங்கிய நெல் 3 சதவீதம் வரை ஏற்கலாம். மழைப் பருவத்தில் தளர்வு வேண்டி மாநில அரசு கோரிக்கை வைக்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்லும், உத்தரவு வரும் வரை 17 தான் கணக்கு. அந்த இடைப்பட்ட நாள்களில் ஊரெல்லாம் 22 ஆக்கப்போகிறார்களாம் என்று பேச்சு ஓடும். எழுத்தரின் கையில் ஒரு காகிதமும் வந்திருக்காது.

இந்த 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அப்படியென்றால் 40 கிலோ சிப்பம் ஒன்று சரியாக 1,000 ரூபாய். ஒரு நாளில் 800 சிப்பம் எடுத்தால் 8 லட்சம் ரூபாய்க்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். லாரியில் ஏற்றி அனுப்புவது தாமதமாகி மூட்டை காய்ந்து எடை குறைந்தால் அந்தக் குறைவு யார் கணக்கில் ஏறும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டு வையுங்கள். ஈரம் ஆவியாகும் என்பதை வேதியியல் படித்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜனவரி 8

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எதிர்வாதம் எழுதியிருக்கிறார். எல்லா வேலைக்கும் மோசமான நாள் உண்டு, அதை வைத்தே முடிவு செய்தால் யாரும் எந்த வேலைக்கும் போக மாட்டார்கள், நானும் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டேன் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மோசமான நாள் என்பது பார்க்க வேண்டிய நேரத்தைச் சொல்கிறதே தவிர, அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. ஆகவே அதை இப்போது சொல்கிறேன்.

எந்த வேலையும் நம்மை யாரோ ஒருவருக்கு எதிரே நிறுத்துகிறது. அவரிடம் பயன்படுத்த ஏதோ ஓர் அதிகாரத்தையும் கையில் கொடுக்கிறது. நடத்துநரைச் சில்லறை இல்லாத பயணிக்கு எதிரே, ஆசிரியரைப் படிப்பு ஏறாத பிள்ளைக்கு எதிரே, பட்டியல் எழுத்தரை ஈர நெல்லோடு வந்த விவசாயிக்கு எதிரே, குழுக்கடன் பணியாளரைத் தவணை கட்ட முடியாத பெண்ணுக்கு எதிரே. சம்பளம், நேரம், தூரம் எல்லாவற்றையும் பார்த்த பிறகு, அந்த எதிராளி யார், அவரிடம் நான் அன்றாடம் செய்ய வேண்டியது என்ன, அதைச் செய்துவிட்டு அதே ஊர்க் கடையில் அவர் பக்கத்தில் அமர்ந்து டீ குடிக்க என்னால் முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கொள்முதல் நிலையத்தில் எனக்கு இது முடிந்தது. என்னோடு படித்தவனின் தந்தை ஒருநாள் மாலை டிராக்டரில் நெல் கொண்டுவந்தார். மூன்று இடத்தில் கையை விட்டு நெல் எடுத்து ஈரப்பதமானியில் போட்டேன்; மூன்று முறையும் 19க்கு மேல் காட்டியது. அவர் மானியின் பக்கமே திரும்பவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளை ஒரு வெயில் காய வையுங்கள், பெரியவரே, மறுபடி போட்டுப் பார்க்கிறேன் என்றேன். என் தகப்பனாரின் பெயரைச் சொல்லி ஒரு வசவு வைத்துவிட்டுப் படுதாவை விரித்தார். மறுநாள் மதியம் 17க்குள் வந்தது, நெல்லை எடுத்தேன். பிறகும் அவர் வீட்டுக் காதணி விழாவுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். மறுத்தது நான்தான் என்றாலும், அந்த மறுப்புக்கு ஒரு கருவியும் ஒரு விதியும் சாட்சியாக நின்றன. எனக்கு முன்னால் நின்ற எவருக்கும் அதே எண்தான் என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கும் என்பதில்லை; விதியைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்புவதே சிலருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். அப்படிப்பட்ட நல்ல மனிதர்கள் அந்த மேசையில் உட்கார்ந்து, ஒருவருக்கு இரங்கி, அடுத்தவருக்கும் இரங்கி, கடைசியில் கணக்கை நேர்செய்ய வழியில்லாமல் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 10

குழுக்கடன் பற்றிக் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சொல்லத்தான் வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அடுத்த ஆண்டில் அந்தப் பகுதியில்தான் எனக்குக் களம் ஒதுக்கினார்கள். நெட்டை ரகத் தென்னை நட்டுக் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். எங்கள் தவணையோ பதினான்கு நாளுக்கு ஒன்று. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்த எவரும் அந்த நிறுவனத்தில் இல்லை, அல்லது பார்த்தவர் வாயைத் திறக்கவில்லை.

நான் யாரையும் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை என்பதை முதலிலேயே சொல்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பது அடுத்து வருவதைப் படித்தால் விளங்கும். சென்டர் மீட்டிங் என்கிற தவணை வசூல் கூட்டம் ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வருவார்கள், பணத்தைத் தலைவி எண்ணி வாங்குவாள், ஒருத்தியின் தவணை குறையும். அப்போது நான் செய்ய வேண்டியதெல்லாம் எழுந்து போகாமல் இருப்பதுதான். தவணை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சித்தாள் வேலைக்குப் போக வேண்டியவள் மணி பார்ப்பாள்; பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டியவள் முகம் சுளிப்பாள்; ஒருத்தியின் தவணைக்குக் குழுவே பொறுப்பு என்பதால் கொஞ்ச நேரத்தில் மற்றவர்களே அவளைப் பேசத் தொடங்குவார்கள். நான் வசவு வைக்க வேண்டிய தேவையே வராது. ஒருநாள் அப்படிக் குறைந்தவள் உள்ளே போய், பருப்பு டப்பாவுக்குள் முடிந்து வைத்திருந்த ரூபாய்த் தாள்களைக் கொண்டுவந்து, ஒன்றில் ஒட்டியிருந்த துவரம்பருப்பைத் தட்டிவிட்டுக் கொடுத்தாள். நான் எண்ணி வாங்கி, அட்டையில் கையெழுத்துப் போட்டு, நன்றி அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வசூலில் எங்கள் கிளையில் என் பெயர் மேலே இருந்தது. நன்றாகச் செய்ய முடிந்த வேலை என்பதால் அது எனக்கான வேலை என்று மேலாளர் சொன்னார், வீட்டிலும் சொன்னார்கள். உட்கார்ந்திருப்பதில் நான் கெட்டிக்காரன் என்பதுதான் அதன் பொருள் என்று எனக்குத் தோன்றிய மாதத்தில் விலகினேன்.

ஜனவரி 11

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் அந்தத் தொழிலே பாவமா என்று ஒருவர் கேட்கிறார். அப்படிச் சொல்லவில்லை. வட்டிக்காரரிடம் பத்து வட்டிக்கும் பதினைந்து வட்டிக்கும் வாங்கியவர்களுக்கு முறையான கடன் ஓர் ஆறுதல் என்பதை நானே கண்டிருக்கிறேன். விதிகளும் இப்போது எழுத்தில் தெளிவாக உள்ளன. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்குப் பிணையின்றித் தருவதே நுண்கடன். எல்லாக் கடன்களுக்குமான தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. பேசி முடிவு செய்த பொது இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதவரின் வீட்டுக்கு மட்டுமே போய் வசூலிக்கலாம்.

நேர்காணலில் இந்த விதிகளை அறைக்குள் இருப்பவரிடம் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார். வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருக்கும் பணியாளரிடம், வசூல் குறைந்த நாளில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள் என்று கேளுங்கள். அவர் சிரித்தால் அதுவே விடை.

ஜனவரி 17

பொங்கலுக்கு ஊர் நிறையச் சொந்தம் என்பதால் எழுத முடியவில்லை. நேற்று நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நெல் ஏற்றும் சரக்கு வண்டியை முன்னும் பின்னும் இழுத்து முடிக்கும் வரை நின்றதில், குரூப் 4 பற்றி முழுமையாக யோசித்து முடித்துவிட்டேன். இந்த மாவட்டத்தில் தத்துவம் வளர்வதற்கு அந்த கேட் ஒரு காரணம்.

உங்கள் வீட்டார் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேர்வுக்குப் படிப்பது ஒரு வேலை, தேர்வு வாங்கித் தரும் பதவி இன்னொரு வேலை. 200 கொள்குறி வினா, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். தனியாக அமர்ந்து, பேச்சைக் குறைத்து, நினைவில் நிறுத்திப் படிப்பவருக்கு அது கைகொடுக்கும். அதில் வென்று கிராம நிர்வாக அலுவலர் ஆனால் மறுநாளிலிருந்து தனிமை என்பதே இல்லை. அடங்கல் என்ற பயிர்க் கணக்குக்கு ஒருவர் வருவார், சான்றிதழுக்கு ஒருவர் வருவார், வரப்புத் தகராறில் இரு தரப்பும் வருவார்கள், வெள்ளம் வந்தால் மூழ்கிய வயலைக் கணக்கெடுக்க நீங்கள் இடுப்பளவு சேற்றில் இறங்க வேண்டும், பசலி என்ற வருவாய் ஆண்டு முடியும் தறுவாயில், ஜமாபந்தி என்ற ஆண்டுத் தணிக்கைக்குக் கணக்கோடு நிற்க வேண்டும். ஊர்க் கணக்கரான கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும் பரம்பரையாக வரும் முறை 1980இல் ஒழிக்கப்பட்டது; ஆனால் ஊர், அந்த நாற்காலியில் இருப்பவரிடம் இன்றும் மணியக்காரரிடம் கேட்டது போலத்தான் எல்லாவற்றையும் கேட்கிறது. படிக்கும் ஆண்டுகள் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பதவியும் பிடிக்கும் என்று கொள்ள வேண்டாம். இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள்.

படிக்கும் காலத்தில் எதிரே இருப்பவர் யார் என்று ஒரு வாசகர் மடக்கியிருக்கிறார். வீட்டுக்கு வரும் உறவினர். என்ன பண்றான் பையன் என்று கேட்பவர். அவருக்கு எதிரே நம் கையில் எந்த அதிகாரமும் இல்லை என்பதுதான் அந்த வேலையின் கடினம்.

ஜனவரி 20

நமக்கேற்ற தொழில் எது என்று சொல்லும் தேர்வு ஒன்றின் இணைப்பை அனுப்பி, பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுவதற்கு இத்தனை எழுத்தா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்தது அது. மனிதரையும் தொழிலையும் ஆறு வகையாகப் பிரித்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. நானும் செய்து பார்த்தேன். ஒழுங்கு, பதிவேடு, கணக்கு என்ற வகையில் என்னைச் சேர்த்தது, அது சரிதான். ஆனால் அந்த வகைக்குள் கொள்முதல் எழுத்தரும் அடங்குவார், தவணை அட்டையில் கையெழுத்துப் போடுபவரும் அடங்குவார். இரண்டு இடத்திலும் நான் செய்தது பதிவேடு எழுதுவதுதான். எந்த வேலை கையோடு ஒத்துப்போகும் என்று அந்தத் தேர்வு சொல்லும். யார் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறோம் என்பது அதன் கேள்விகளில் இல்லை. குரூப் 4 பக்கம் போவதா, ஐ.டி.ஐ. பக்கம் போவதா என்று தடுமாறும் பள்ளிப் பிள்ளைக்கு நன்றாகவே உதவும், குறை சொல்லவில்லை.

ஜனவரி 23

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நான்கு வரி, நான் இதுவரை எழுதியதில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டது. எங்களுக்குப் பொருத்தம் என்பது கடைசிப் பேருந்திலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் தொடங்குகிறது, எதிரே இருப்பவர் யார் என்பது அதற்குப் பிறகுதான் என்கிறார். ஊருக்கு வெளியே வெட்டவெளிக் களத்தில் அமையும் நிலையத்தில் இருட்டும் வரை பட்டியல் போட வேண்டிய வேலையைப் பற்றி எழுதும்போது இது எனக்குத் தோன்றாமல் போனதற்கு நான் ஆண் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. இந்த இழையைப் படிக்கும் பெண்கள் முதலில் அவர் சொன்ன வரிசையிலும் பிறகு நான் சொன்ன வரிசையிலும் பார்க்கவும்.

ஜனவரி 26

கடன் கழுத்தை நெரிக்கும்போது பொருத்தம் பார்க்க யாருக்கு வாய்க்கிறது என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான். வாய்க்காது. அப்போது எது கிடைக்கிறதோ அதில் சேருங்கள். ஆனால் விலகும் வழியைச் சேரும் நாளிலேயே பார்த்து வையுங்கள். பருவகால வேலைக்கு ஒரு நன்மை உண்டு. அறுவடை முடிந்தால் அதுவும் ஓய்ந்துவிடும், ஏன் விட்டாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தனியார் வேலையில் மூலச் சான்றிதழை ஒப்படைக்கச் சொன்னால் நகலை நீட்டுங்கள். மூலமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் இடத்தில், வேலை எவ்வளவு பொருந்தினாலும் எனக்குச் சம்மதமில்லை. என்னுடைய பட்டச் சான்றிதழ் திரும்பி வரப் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம், எழுதப் போவதில்லை.

ஜனவரி 28

உங்களுடைய இப்போதைய வேலை உங்களுக்குப் பொருந்துகிறதா என்று கேட்ட நண்பருக்கு: பொருந்துகிறது. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது அரசு நெல்லை அரைப்பதற்கான கணக்கு. எனக்கு எதிரே இருப்பது அந்த 68 மட்டுமே. அது என்னிடம் கெஞ்சுவதில்லை, நானும் அதற்காகத் தூக்கம் கெடுவதில்லை. சில மதியங்களில் பெரும் சலிப்பாக இருக்கிறது. பொருத்தமான வேலையில் சலிப்பு வராது என்று இளம் வயதில் நம்பியிருந்தேன், அந்த நம்பிக்கை மட்டும் போய்விட்டது. கொள்முதல் களத்தின் இரைச்சலை அவ்வப்போது தேடுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

பிப்ரவரி 2

கேள்வி கேட்ட தம்பி, மழைக்கு மறுநாள் ஒரு நிலையத்துக்குப் போய் அரைநாள் நின்று பார்த்துவிட்டு, எழுத்தர் வேலையில் சேர்ந்துவிட்டதாகவும் பருவம் முடிந்ததும் குரூப் 4க்குப் படிக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறார். நல்லது. அலுவலகப் பதிவேட்டுக்கு அப்பால் சொந்தமாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் எடுத்த சிப்பம், ஏற்றிய லாரி, மீதி நிற்கும் அட்டி, மழை பெய்தால் அது பெய்த நேரம், எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். எடைக்குறைவு பற்றிப் பின்னாளில் கேள்வி வந்தால் நினைவாற்றலை யாரும் ஏற்க மாட்டார்கள்.

உங்கள் பெரியப்பாவின் நெல் அதே நிலையத்துக்குத்தான் வரும், அவர் இப்போதே ஜாடையாகப் பேசத் தொடங்கிவிட்டார் என்கிறீர்கள். மேலதிகாரியிடம் சொல்லி அந்த நெல்லை வேறொருவர் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் நான்கு பேர் பார்க்க மானியில் போட்டு, 18 காட்டினால் 18 என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். பங்குனி வரைக்கும் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.